ரிசர்விலிருந்து ரிசர்வ் வரை

பழைய வண்டி வைத்திருக்கும் ஒருவரிடம் "லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் தயங்காமல் வரும். ஐம்பது என்பார், ஐம்பத்தைந்து என்பார். அந்த எண் எப்படிக் கிடைத்தது என்று அடுத்த கேள்வி கேட்டால்தான் பேச்சு நின்றுபோகும். புதிதாக எடுத்தபோது ஷோரூமில் சொன்னது, அண்ணன் ஓட்டிய காலத்தில் கிடைத்தது, பக்கத்து வீட்டு வண்டி கொடுப்பது எல்லாம் கலந்த எண் அது. சரி, வண்டியில் இருக்கும் கருவிகளை வைத்துக் கணக்குப் போடலாம் என்றால், கிலோமீட்டர் மீட்டர் கூடுதலாக ஓடுகிறது. பெட்ரோல் முள் எங்கோ ஓரிடத்தில் படுத்துக்கிடக்கிறது, அல்லது முள்ளே கிடையாது. இரண்டு தவறான எண்களை ஒன்றால் ஒன்று வகுத்தால் சரியான விடை எப்படி வரும்?

வரும். கருவி தவறாகக் காட்டலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரித் தவறாகக் காட்ட வேண்டும். அந்த ஒரு நிபந்தனை நிறைவேறினால், இருபது வருட வண்டியிலிருந்தும் இரண்டு சதவீதத்துக்குள் துல்லியமான மைலேஜைக் கண்டுபிடித்துவிடலாம்.

தருமபுரி மாவட்டத்து ஏரியூரை இந்தக் கணக்குக்கு எடுத்துக்கொள்கிறேன். காரணம் உண்டு. ஒரு பக்கம் மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு, நாகமரைத் துறை. மறுபக்கம் பென்னாகரத்துக்கு ஏறிப் போகும் சாலை. அணை நிரம்பி நிற்கும்போது அதன் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 240 மீட்டர். பென்னாகரம் அதைவிட நன்றாக உயரத்தில் இருக்கிறது. ஆக, இந்தப் பக்கத்து வண்டி சமதளத்தில் ஓடுவது குறைவு, ஏறுவதும் இறங்குவதும்தான் அதிகம். பால் கேன், தீவனக்கட்டு, உர மூட்டை என்று சுமையும் நாளுக்கு நாள் மாறும். எல்லாவற்றுக்கும் மேலாக, இங்கே டேங்கை நிரப்பி ஓட்டும் பழக்கம் குறைவு. கையில் இருக்கும் காசுக்கு ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் என்றுதான் போடுவார்கள். மைலேஜ் பார்க்கும் முறை என்று எல்லோரும் சொல்லும் 'ஃபுல் டேங்க்' கணக்கு இவர்களுக்கு உதவாது.

வண்டியும் இந்த மண்ணுக்கு அந்நியமானதல்ல. 1980-இல் டி.வி.எஸ். 50 மொபெட் ஓசூரில் உருவாகி வெளிவந்தபோது, ஓசூர் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்த பிறகே அந்தப் பக்கம் போனது. அதன் வழிவந்த எக்ஸ்.எல். வண்டிகள் இன்றும் இந்தச் சாலைகளில் மூட்டை சுமக்கின்றன.

முதலில் தூரம். கிலோமீட்டர் மீட்டர் தூரத்தை அளப்பதில்லை, சக்கரம் சுற்றுவதை எண்ணுகிறது. சுற்றுக்கு இத்தனை மீட்டர் என்று தொழிற்சாலையில் வைத்துக்கொண்ட ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். இரண்டாயிரம் ஆண்டுகளாக இதே தந்திரம்தான். ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், கி.மு. முதல் நூற்றாண்டில், இப்படி ஒரு வண்டியை விவரித்திருக்கிறார். நான்கு அடி விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டரை அடி போகும், 400 சுற்றுக்கு 5000 அடி, அதாவது ஒரு ரோமானிய மைல். மைலுக்கு ஒரு கூழாங்கல் பெட்டியில் விழும். அவருடைய நூலின் பரவலாக வாசிக்கப்படும் பாடம் இது. நான்கு அடியை 'பை' (π) எண்ணால் பெருக்கிப் பாருங்கள், 12.57 அடி வரும். அரை சதவீதத் தவறு பிறக்கும்போதே உள்ளே இருந்திருக்கிறது.

நம் வண்டிக்கு வருவோம். ஸ்பிளெண்டர் போன்ற பைக்கில் முன்சக்கர டயர் 2.75-18 அளவு. விட்டம் சுமார் 597 மில்லிமீட்டர், சுற்றளவு ஏறத்தாழ 1.87 மீட்டர். டயரின் பட்டன் நான்கு மில்லிமீட்டர் தேய்ந்தால் விட்டம் எட்டு மில்லிமீட்டர் குறையும்; சுற்றளவு 1.3 சதவீதம் சுருங்கும். சுருங்கிய சக்கரம் அதே தூரத்துக்குக் கூடுதலாகச் சுற்றும், மீட்டர் கூடுதலாக ஓடும். டயர் வழுக்கையாக ஆக ஆக, வண்டி நல்ல மைலேஜ் கொடுப்பது போலத் தெரியும்! காற்று குறைந்தாலும் இதே கதைதான், அளவு மட்டும் சிறியது. பெரும்பாலான பழைய பைக்குகளில் மீட்டர் கேபிள் முன்சக்கரத்திலிருந்து வருகிறது என்பதால், இதில் முன் டயரைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். ஸ்பீடா மீட்டர் முள் கூடுதலாகக் காட்டுகிறது என்பதால் கிலோமீட்டர் எண்ணும் அதே அளவுக்குத் தவறு என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டுக்கும் கேபிள் ஒன்று. உள்ளே வேலை வேறு. வேகம் காட்டும் முள் 1902-இல் ஜெர்மானியர் ஓட்டோ ஷுல்ட்சே காப்புரிமை பெற்ற முறையில் இயங்குகிறது. கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. அருகிலிருக்கும் உலோகக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் எழுந்து, மெல்லிய ஸ்பிரிங்குக்கு எதிராக முள்ளை இழுக்கிறது. காந்தம் வலுவிழந்தாலும் ஸ்பிரிங் தளர்ந்தாலும் முள் மாறும். வேண்டுமென்றே கூட்டிக் காட்டும்படியும் அமைக்கிறார்கள்: கார்களுக்கான ஐ.நா. விதிப்படி முள் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது, உண்மை வேகத்தில் பத்து சதவீதமும் அதற்குமேல் நான்கு கிலோமீட்டரும் வரை கூட்டிக் காட்டலாம். கிலோமீட்டர் எண்களை நகர்த்துவதோ வெறும் பற்சக்கரங்கள். அவற்றுக்குக் காந்தமும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. முள் ஆடிக்கொண்டே இருக்கும் வண்டியிலும் கிலோமீட்டர் எண் ஒழுங்காக ஓடலாம்.

ஒழுங்காக ஓடுகிறதா, எத்தனை சதவீதம் கூடுதல் என்று அறிய, சாலையோரக் கல் போதும். தேசிய நெடுஞ்சாலையில் மஞ்சள் தலை, மாநில நெடுஞ்சாலையில் பச்சைத் தலை. தருமபுரியிலிருந்து தொப்பூர் பக்கம் போகும் 44-ஆம் தேசிய நெடுஞ்சாலையிலோ, கல் வரிசை கெடாத வேறு சாலையிலோ இருபது கிலோமீட்டர் ஓட்டுங்கள். முதல் கல்லுக்கு நேராக நின்று மீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். கடைசிக் கல்லிலும் அப்படியே. ஒரே ஒரு கிலோமீட்டரில் பார்த்தால் பயனில்லை. கடைசி இலக்கத்தைப் படிப்பதில் நூறு மீட்டர் தவறினால் அது பத்து சதவீதம். இருபது கிலோமீட்டரில் அதே நூறு மீட்டர் அரை சதவீதம்தான். சாலையை நேராக்கிய இடங்களில் கற்களைப் பழைய இடத்திலேயே விட்டிருப்பார்கள், அதற்கும் நீண்ட தூரம்தான் மருந்து. கல் இல்லாத ஊர்ச்சாலை என்றால் போனில் வரைபடம் காட்டும் சாலைத் தூரத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பயணத்தைப் பதிவு செய்யும் செயலிகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை. திறந்த வானத்தின் கீழ் போன் தன் இடத்தைச் சுமார் ஐந்து மீட்டருக்குள் சொல்லும். வளைவுகளில் புள்ளிக்குப் புள்ளி நேர்க்கோடு போட்டுத் தூரத்தைக் குறைக்கும். டீக்கடையில் நிற்கும்போது இடம் இப்படியும் அப்படியும் தாவுவதைக் கூட்டித் தூரத்தை வளர்க்கும்.

இருபது கிலோமீட்டர் கல்லுக்கு மீட்டர் 21 காட்டினால், இனி எப்போதும் மீட்டர் எண்ணை 20/21-ஆல், அதாவது 0.952-ஆல் பெருக்க வேண்டும். மீட்டரைக் கழற்ற வேண்டாம், மாற்ற வேண்டாம். 1802-இல் சென்னை பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீள அடிக்கோட்டை அளந்த வில்லியம் லாம்ப்டனும் இதைத்தான் செய்தார். இந்தியப் பெரும் முக்கோணவியல் அளவைக்கு அந்தக் கோடுதான் தொடக்கம். வெயிலில் அவருடைய எஃகுச் சங்கிலி நீளும், உழைப்பில் தேயும். அதனால் வெப்பமானி வைத்து நீட்சியைக் கணக்கிட்டார். வேலைக்கு எடுக்காமல் தனியே வைத்திருந்த இன்னொரு சங்கிலியோடு ஒப்பிட்டுத் தேய்மானத்தைக் கழித்தார். சங்கிலி தவறு என்று தெரியும், எத்தனை தவறு என்றும் தெரியும். அது போதுமானதாக இருந்தது.

ஒரு எச்சரிக்கை. இரண்டு முறை ஓட்டியும் இந்தத் திருத்த எண் ஒன்றாக வரவில்லை என்றால், ஒரு முறை 0.95, மறுமுறை 0.88 என்றால், உள்ளே பற்கள் தேய்ந்து அவ்வப்போது நழுவுகின்றன என்று பொருள். அந்த மீட்டரை விட்டுவிட வேண்டியதுதான். தினமும் போகும் வழித்தடத்தை ஒருமுறை சரியாக அளந்துவைத்து, எத்தனை நடை என்று நோட்டில் கோடு போட்டால் தூரம் கிடைத்துவிடும்.

அடுத்தது பெட்ரோல். தூரத்தைவிட இதுதான் கடினம்.

முள் ஏன் தவறாகக் காட்டுகிறது? டேங்குக்குள் ஒரு மிதவை, அதன் கையில் ஒரு மின்தடைக் கம்பி. மிதவை காட்டுவது மட்டத்தை. நமக்கு வேண்டியது கொள்ளளவு. பைக் டேங்க் வண்டியின் முதுகெலும்புக் குழாயின் மேல் கவிழ்ந்து உட்கார்ந்திருக்கும்; மேலே அகலம், கீழே இரண்டு பக்கமும் பிளவுபட்ட குறுகல். மேல் பாதியில் ஒரு சென்டிமீட்டர் மட்டம் இறங்க நிறைய பெட்ரோல் செலவாகும். கீழே அதே ஒரு சென்டிமீட்டர் சீக்கிரம் போய்விடும். முள் பாதியில் நிற்கும்போது பாதி பெட்ரோல் இருக்கிறது என்று எண்ணுவது இங்கேதான் ஏமாற்றுகிறது. ஏற்றத்தில் பெட்ரோல் பின்னுக்குச் சாயும், சைடு ஸ்டாண்டில் ஒரு பக்கம் சாயும். பழைய கார்களில் பேட்டரி மின்னழுத்தம் குறைந்தாலும் முள் இறங்கும்.

முள்ளே இல்லாத பழைய மொபெட்டில் முள்ளைவிட நல்ல கருவி ஒன்று இருக்கிறது. பெட்ரோல் காக். டேங்கின் அடியில் அதற்கு இரண்டு உறிஞ்சுவழிகள். 'ஆன்' வழியின் குழாய் டேங்குக்குள் சற்று உயரமாக நீட்டிக்கொண்டிருக்கும். 'ரிசர்வ்' வழி அடிமட்டத்தில். பெட்ரோல் மட்டம் உயரக் குழாயின் நுனிக்குக் கீழே போனதும் வண்டி இழுக்கத் திணறும், நாம் குனிந்து ரிசர்வுக்குத் திருப்புவோம். அந்த நொடியில் டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. அடுத்த முறை ரிசர்வ் விழும்போதும் அதே மட்டம், அதே அளவு இருக்கும் என்பது மட்டும் தெரியும். மின்சாரம் இல்லை, ஸ்பிரிங் இல்லை, தேயும் பாகம் இல்லை. ஒரு பித்தளைக் குழாயின் நீளம் மாறாது.

இதை வைத்துக் கணக்கு இப்படிப் போகும். ரிசர்வ் விழுந்த இடத்தில் மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். ரிசர்விலேயே பங்க் வரை போய், லிட்டர் கணக்கில் பெட்ரோல் போட்டு, காக்கை மறுபடி ஆனுக்குத் திருப்புங்கள். அடுத்த ரிசர்வ் விழும்போது மீட்டரைக் குறியுங்கள். இரண்டு ரிசர்வுக்கும் நடுவே வண்டி குடித்தது, நீங்கள் போட்ட பெட்ரோல் அத்தனையும், அதற்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பங்குக்குப் போகும் வழியில் செலவானதும் இதில் அடங்கிவிடுகிறது. நடுவில் நான்கு முறை ஒவ்வொரு லிட்டராகப் போட்டாலும் சரி, கூட்டிக்கொண்டால் போதும். டேங்கை நிரப்பவே வேண்டாம். கையில் இருக்கும் காசுக்குப் பெட்ரோல் போடுகிறவருக்கு இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியவில்லை.

டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கு ஆயில் கலப்பவர்கள் ஆயிலைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கலவை விகிதம் மாறாதவரை பெட்ரோலை மட்டும் எழுதினால் போதும். 'நூறு ரூபாய்க்கு' என்று போடுகிறவர்கள், ரூபாயை விட்டுவிட்டு பம்பில் ஓடிய லிட்டரைத் தசமப் புள்ளியோடு எழுதிக்கொள்ள வேண்டும்.

இதிலும் தவறு வரும், எவ்வளவு என்பதுதான் கேள்வி. ஏற்றத்தில் திணறும் வண்டி சமதளத்தில் இன்னும் கொஞ்சம் ஓடியிருக்கும். ரிசர்வ் விழும் கணத்தில் ஐம்பது மில்லி வரை கூடக் குறைய இருக்கலாம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டருக்குக் கணக்குப் போட்டால் அது ஐந்து சதவீதத் தவறு. ஐந்து லிட்டர் சேர்த்துப் போட்டால் ஒரு சதவீதம். அந்த ஐம்பது மில்லி தூரத்தோடு வளர்வதில்லை, முதலிலும் கடைசியிலும் மட்டும்தான் வரும். எனவே நாள் கூடக் கூட அது கரைந்துகொண்டே போகும்.

பங்க்காரர் அளவில் தவறு இருக்காதா? சட்டம் அனுமதிக்கும் வித்தியாசம் அரை சதவீதம்: ஐந்து லிட்டருக்கு 25 மில்லி. விட்ருவியஸின் சக்கரத்தில் இருந்த அதே அரை சதவீதம். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர்கள் பம்புகளைச் சோதித்து முத்திரையிடுகிறார்கள். ஒவ்வொரு பங்கிலும் முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவைக் கலன் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் அளந்து காட்டச் சொல்லும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு. மைலேஜ் கணக்குக்கு ஒரே பங்க், முடிந்தால் ஒரே பம்ப் என்று வைத்துக்கொள்வது நல்லது.

இந்த 25 மில்லிக்காகக் கவலைப்படும் பலர் வெயிலை மறந்துவிடுகிறார்கள். பெட்ரோல் ஒரு டிகிரி வெப்பத்துக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். 30 டிகிரியில் போட்ட ஐந்து லிட்டர், வெயிலில் நின்ற டேங்கில் 45 டிகிரிக்குச் சூடானால் 75 மில்லி பெருகியிருக்கும். சட்டம் அனுமதிக்கும் தவறைப் போல மூன்று மடங்கு! விடியற்காலையில் பெட்ரோல் போட்டால் லாபம் என்ற பேச்சுக்கு இதுதான் மூலம். ஆனால் பங்கின் தொட்டி மண்ணுக்கடியில் இருக்கிறது. பகலுக்கும் இரவுக்கும் அதன் வெப்பம் அதிகம் மாறாததால் லாபம் சொல்லும்படி இல்லை. இந்த விரிவு கெடுப்பது ஃபுல் டேங்க் கணக்கைத்தான்: ஒரு முறை காலையிலும் மறுமுறை மதியத்திலும் கழுத்துவரை நிரப்பினால் இரண்டு 'ஃபுல்'லும் ஒன்றல்ல. ரிசர்வில் மிச்சம் இருப்பது சிறிய அளவு என்பதால், அது விரிந்தாலும் சில மில்லியோடு போய்விடும்.

இனி எண்களைச் சேர்ப்போம். இரண்டு ரிசர்வுக்கு நடுவே மீட்டர் 262 கிலோமீட்டர் ஓடியது, போட்டது ஐந்து லிட்டர். நேராக வகுத்தால் 52.4. திருத்த எண்ணால் பெருக்கினால் தூரம் 249.5, மைலேஜ் 49.9. கல்லில் ஒரு சதவீதம், ரிசர்வில் ஒரு சதவீதம், பம்பில் அரை சதவீதம் என்று மூன்று தவறுகளும் சேர்ந்தாலும், அவை எல்லாம் ஒரே பக்கம் சாய்வது அரிது. ஒவ்வொன்றையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ஒன்றரை சதவீதம் வரும். அதாவது இந்த வண்டியின் மெய்யான மைலேஜ் 50, கூடக் குறைய முக்கால் கிலோமீட்டர். ஒரு பழைய எக்ஸ்.எல்.லைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேச முடிவது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருகிறது.

ஏரியூர்ச் சாலைகளுக்கு இன்னொரு கணக்கும் வேண்டும். வண்டி, ஆள், மூட்டை சேர்த்து 180 கிலோ, ஏற்றம் 200 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மேலே தூக்கும் வேலைக்கு மட்டும் சுமார் 350 கிலோஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பது ஏறத்தாழ 32 மெகாஜூல். அதில் ஐந்தில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது என்றால், அந்த ஏற்றத்தின் விலை 55 மில்லி பெட்ரோல். ஐம்பது கொடுக்கும் வண்டிக்கு அது கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர் ஓட்டம். இறங்கும்போது அந்த ஆற்றல் முழுக்கத் திரும்புவதில்லை, பிரேக்கில் சூடாகப் போய்விடும். எனவே ஏற்றம் மட்டும், இறக்கம் மட்டும் என்று பார்த்த மைலேஜ் எதற்கும் உதவாது. போய் வந்த கணக்கே கணக்கு.

சராசரி எடுப்பதிலும் கவனம் தேவை. இறக்கத்தில் 60 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர், ஏற்றத்தில் அதே 60 கிலோமீட்டருக்கு ஒன்றரை லிட்டர் என்றால், மைலேஜ் 60, 40. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி 50 என்பது தவறு. மொத்தம் 120 கிலோமீட்டர், இரண்டரை லிட்டர், விடை 48. மைலேஜ்களைக் கூட்டக் கூடாது. தூரத்தைத் தூரத்தோடும் லிட்டரை லிட்டரோடும் கூட்டிவிட்டுக் கடைசியில் ஒரே ஒரு முறை வகுக்க வேண்டும்.

மெக்கானிக் பட்டறைகளில் வேறு முறை உண்டு. டேங்க் டியூபைக் கழற்றிவிட்டு, நூறு மில்லி பெட்ரோல் ஊற்றிய பாட்டிலைக் கட்டி, நிற்கும்வரை ஓட்டிப் பார்ப்பது. யோசனை நல்லதுதான், ஆனால் கார்புரேட்டர் கிண்ணத்தில் தேங்கியிருக்கும் பெட்ரோல் கணக்கைக் கெடுக்கும். முதலில் கிண்ணம் காலியாகி வண்டி தானே நிற்கும்வரை ஓடவிட்டு, பிறகு நூறு மில்லியைக் கொடுத்தால் தொடக்கமும் முடிவும் ஒரே நிலையாகும். சூடான என்ஜினுக்குப் பக்கத்தில் தொங்கும் பெட்ரோல் பாட்டில் தீப்பிடிக்கக் கூடியது என்பதால், இதைச் சாலையில் செய்து பார்க்க வேண்டாம் என்றே சொல்வேன்.

கிடைத்த எண்ணை எதனோடு ஒப்பிடுவது? நிறுவனம் அன்று சொன்ன எண்ணோடு ஒப்பிட்டு மனம் வருந்த வேண்டியதில்லை. அது சோதனைக்கூடத்தில் உருளைகளின் மேல் ஓட்டிக் கிடைத்தது. இந்திய ஓட்டச் சுழற்சி என்ற பழைய சோதனையில் ஒரு சுற்று 108 நொடி, உச்ச வேகம் மணிக்கு 42 கிலோமீட்டர். அங்கே பெட்ரோலை லிட்டரில் அளக்க வேண்டியதே இல்லை. புகையில் வெளிவரும் கார்பனை எடைபோட்டு, எவ்வளவு பெட்ரோல் எரிந்தது என்று பின்னோக்கிக் கணக்கிடலாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு. அழகான முறை, ஆனால் அங்கே ஏரியூர்ச் சாலையும் இல்லை, தீவனக்கட்டும் இல்லை.

பெட்ரோலும் அன்றைய பெட்ரோல் இல்லை. இப்போது விற்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. எத்தனால் ஒரு லிட்டரில் இருக்கும் ஆற்றல் சுமார் 21 மெகாஜூல். கலவையில் அது 29.8 ஆகிறது, தூய பெட்ரோலைவிட ஏழு சதவீதம் குறைவு. 2021-இல் வெளியான நிதி ஆயோக்கின் திட்ட அறிக்கையே, பழைய வகை இரு சக்கர வண்டிகளுக்கு 3 முதல் 4 சதவீதம் வரை மைலேஜ் குறையும் என்று மதிப்பிட்டது. ஐம்பது கொடுத்த வண்டி 48 கொடுத்தால் என்ஜினைப் பிரிக்கச் சொல்லும் முன் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஒப்பிட வேண்டியது அதே வண்டியின் சென்ற மாத எண்ணோடுதான், அதே வழித்தடத்தில், அதே மாதிரிச் சுமையோடு. ஏர் ஃபில்டர் மாற்றினால், இறுகிய பிரேக்கைத் தளர்த்தினால், காற்று சரியாக அடித்தால், கார்புரேட்டரைச் சுத்தம் செய்தால் பலன் உண்டா என்று இந்த எண்தான் சொல்லும். ஆனால் ட்யூனிங்குக்கு முன் 49.9, பின் 50.6 என்று வந்தால் பலன் கிடைத்தது என்று சொல்ல முடியாது. இரண்டு எண்ணிலும் முக்கால் கிலோமீட்டர் ஐயம் இருக்கிறது. இரண்டின் வித்தியாசத்தில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் ஐயம். 53 வந்தால் மெக்கானிக்குக் கொடுத்த காசு வீண் போகவில்லை. 50.6 என்றால் இன்னும் ஐந்து லிட்டர் ஓட்டி, அடுத்த ரிசர்வ் விழும்வரை பொறுத்துப் பார்க்க வேண்டும்.